இரண்டாவது அப்பளக் குழவி

1938 ஜூன் 3
கரமனையில் இந்த ஒரு தெருவில்தான் எத்தனை கைம்பெண்கள்! அண்ணன் வீட்டிலோ மைத்துனன் வீட்டிலோ சோற்றுக்காகச் சமைத்துக்கொண்டு கிடக்கிறார்கள். நானாவது அவர் வைத்துப்போன வீட்டில் இருக்கிறேன். பேசத்தான் ஆளில்லை. எல்லோருமாக அப்பளம் இட்டு விற்றால் அவரவர் கையில் அவரவர் காசு. அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவளுக்கு இது கூடத் தெரியாதா? ஆசாரியிடம் சொல்லி இரண்டு குழவி கடைந்தாயிற்று. ஒன்று எனக்கு, மற்றது எதிர்வீட்டுச் சீதாலக்ஷ்மிக்கு.

ஜூன் 5
சீதா வரவில்லை. அவள் அண்ணா சாம்பசிவன்தான் வந்தார். "இவ உங்காத்துக்கு வந்துட்டா எங்காத்துல அடுப்பை யார் மூட்டறது?" பெரிய நியாயம் கேட்டவர் போல நின்றார்.

ஜூன் 17
தனியாகவே இட்டேன். எங்கள் ஊரில் ஆனிக் காற்றுக்கு ஒரு பொழுதில் காய்ந்துவிடும். இங்கே மலையாளக் கரையில் வைகாசி பாதியில் பிடிக்கும் இடவப்பாதி மழை என்று ஒன்று உண்டே— இத்தனை வருஷம் நனைந்தும் அதை மறந்தேனே, மக்கு! கூடம் முழுக்க ஈர அப்பளம்.

ஜூன் 22
அத்தனையும் பூசணம். சாலைக் கடைத்தெருவில் அப்பளம் விற்கும் பகவதிப்பெருமாள் வந்து பார்த்தார். "மழை தீரட்டும்மா. ஆவணி பொறந்தா வெயிலு வரும். அப்போ இடுங்க, நான் எடுத்துக்கிடுதேன், கேட்டேளா?" நல்ல மனுஷர். அவர் போனதும் அழுதேன்.

ஜூலை 17
மழை. இன்று நான் பேசியது பல்லியை அதட்டியது மட்டும்.

ஆகஸ்ட் 24
வெயில்! இட்டதையெல்லாம் கடை ஆள் எடுத்துப்போனான். சாம்பசிவன் மகள் கல்யாணத்துக்கு அந்தக் கடையில்தான் அப்பளம் சொல்லியிருக்கிறாராம். யார் இட்டது என்று கேட்கவில்லையாம்.

செப்டம்பர் 4
எதிர்வீட்டில் கல்யாணம். கைம்பெண் முகம் இன்று யார் கண்ணிலும் படக்கூடாதே! விடிந்ததிலிருந்து வாசல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பந்தி போட்டதும் அப்பளம் நொறுங்குகிற சத்தம்— தெருவைத் தாண்டியா கேட்கும்? எனக்குக் கேட்டது.

யாரோ கொல்லைக் கதவைத் தட்டினார்கள். சீதா. தெருவைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"சமையலுக்கு ஆள் வந்தாச்சு. சுபகாரியம் நடக்கற இடம், நீ எங்கேயாவது போய் இருன்னுட்டான் அண்ணா. சாயங்காலம் வரைக்கும் என்னை ஒருத்தரும் தேடமாட்டா அக்கா."

அவள் பின்னால் தெருக்கோடி வாலாம்பாள், அவளும் கைம்பெண்தான். அவளையும் அந்தக் கல்யாண வீட்டார் அப்படித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

குழவி இரண்டுதான். என்னுடையதை வாலாம்பாளிடம் கொடுத்துவிட்டு நான் மாவு உருட்டிப் போட்டேன்.