பந்தலிலிருந்து இறக்கிய அடப்பங்கொடி

ஷெரின்,

திராட்சை அறுப்புக்குச் சுருளிப்பட்டித் தோட்டத்துக்குப் போகிறேன். மதியத்துக்குள் வந்துவிடுவேன். நெத்திலிக் குழம்பு அடுப்படியில் மூடியிருக்கிறது. நேற்று மாதிரி பட்டினி கிடக்காதே. பீரோ சாவி ஜன்னலில் இருக்கிறது.

உன் ஊர்க் கடற்கரையிலிருந்து கொண்டுவந்து, வீடு கட்டி மிஞ்சிய மணலில் நீ நட்டாயே அடப்பங்கொடி, அதைக் கெடுத்தது நான்தான். தரையோடு படர்ந்து பூத்துக்கொண்டிருந்ததைத் தூக்கிக் கட்டி, திராட்சை மாதிரி பந்தலில் ஏற்றினேன். ஆட்டு எருவும் போட்டு, தினமும் தண்ணீரும் விட்டேன். இலையெல்லாம் பழுத்துவிட்டது.

நேற்று விருந்தில் நீ மெதுவாகத்தான் சொன்னாய்: “அத்தை, இது ஏறுற கொடி இல்ல. மணல்ல படுத்தாத்தான் கணுவுக்குக் கணு வேர் விடும்.”

கம்பம் பள்ளத்தாக்கின் கொடி மகாராணியான எனக்கு அது பொறுக்குமா? “படுத்தே கெடக்குறதுதான் உங்க ஊர்ப் பழக்கமா, ஆத்தா?” என்று கேட்டேன். என் கொழுந்தன் இருதயமும் அவர் வீட்டாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு சாப்பிடாமல் எழுந்து போனாய்.

விடிந்ததும் கயிற்றை அறுத்துக் கொடியை மணலில் இறக்கிவிட்டேன். ஒரு கணுவில் மட்டும் பச்சை இருக்கிறது.

இருதயம் வீட்டார் இன்றும் சாப்பிட வருகிறார்கள். சிரித்தவர்கள் முன்னாலேயே, நான் பேசியது தப்பு என்று சொல்லப்போகிறேன். “பரவாயில்ல அத்தை” என்று நடுவில் வந்து என்னைக் காப்பாற்றிவிடாதே.

அத்தை

கொடிக்கு இப்போது தண்ணீர் விடலாமா, கூடாதா? எனக்குத் தெரியவில்லை. குடத்தைத் தொடாமல் போகிறேன். வந்ததும் நீ சொல்லு.