அக்கா வீட்டுக் கூரையில் காசிமின் டிஷ்

ஞாயிறு, இரவு.

மதியம் மும்பை ஆண்டாப் ஹில்லில் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். கூரையில் நான் மாட்டிக் கொடுத்த எங்கள் கம்பெனி டிவி டிஷ் இல்லை. போட்டிக் கம்பெனியின் டிஷ் இருந்தது. மாட்டியவன் காசிம், தாராவியில் எனக்குப் பக்கத்துத் தெருக்காரன்.

"கிரிக்கெட் சேனலும் அதுல சேந்தே வருதாம்ல," என்றார் அத்தான்.

ஏதாவது குறை கிடைக்காதா என்று கூரையில் ஏறிப் பார்த்தேன். ஒரு போல்ட்கூடத் தளர்வாக இல்லை. என் வேலையைவிடச் சுத்தம்.

"நல்லாத்தான் மாட்டிருக்கான்," என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

கிளம்பும் நேரத்தில் காசிமே அக்காவுக்குப் போன் செய்தான்.

"படம் நல்லா தெரியுது தம்பி. ஒருநா வீட்டுக்குச் சாப்பிட வாப்பா," என்றாள் அக்கா.

கம்பெனி மாறியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அக்கா அந்தக் குரலில் என்னைத் தவிர வேறு யாரையும் தம்பி என்று கூப்பிட்டதில்லை.