பெஞ்சின் கடைசி ஓரம்

மொபைல், அலபாமா
1974 பிப்ரவரி 14

கர்த்தருக்குள் அன்பான ஹோரஸ் அண்ணனுக்கு ஓசெல்லா எழுதுவது. உங்களுக்கும் பர்டி அண்ணிக்கும் ஸ்தோத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் போன் வந்தபோது வீட்டில் இருந்தவர்கள்: நான், கட்டிலில் சாய்ந்தபடி லூத்தர், மகள் நடீன், அவள் புருஷன் கர்டிஸ், ஜெபிக்க வந்த பாஸ்டர் ஹைட்டவர், அவரோடு வந்த காது கேட்காத மூத்த சகோதரி ப்யூலா. அவ்வளவு பேர்தான். வீட்டுக் கணக்கு எழுதி எழுதி எனக்கு எதையும் சரியாகக் குறித்து வைத்தால்தான் திருப்தி. இன்னும் கொஞ்ச நாளில் பாதி ஊர் தானும் அங்கே இருந்ததாகச் சொல்லப் போகிறது. நீங்கள் இல்லை என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது.

போன் அடித்ததும் லூத்தர் கையை நீட்டினார். ஞாயிறு சாயந்திரம் அடித்தால் அது நீங்கள்தான் என்பது இந்த வீட்டில் இருபது வருஷப் பழக்கம். காதில் வைத்ததும், “யாரு, ஹோரஸா?” என்றார். நீங்கள் இல்லை. கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் புகழ் மண்டபத்திலிருந்து ஒரு பெரியவர். லூத்தரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். ஆகஸ்டில் விழா. வெண்கலத்தில் அவர் முகத்தைச் செதுக்கிச் சுவரில் மாட்டுவார்களாம். தலையில் எந்த அணியின் தொப்பி வைக்கட்டும் என்று கேட்டிருக்கிறார். “கல்ஃப் கிங்ஸ். வேற யாரு எனக்குத் தொப்பி குடுத்தா?” என்றார் லூத்தர். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நல்ல மனுஷன். ஆனா ஹோரஸ் இல்ல” என்றார்.

பாஸ்டர் அழுதுவிட்டார். ப்யூலா சகோதரி யாரோ இறந்துவிட்டதாக நினைத்து அவரைத் தேற்றினார். அதற்கு மட்டும் லூத்தர் சிரித்தார். அப்புறம் பாஸ்டர் பிரசங்கம் போலவே ஆரம்பித்தார்: மர ஆலை அணிக்குப் பந்தெறிந்த பதினேழு வயசு, கல்ஃப் கிங்ஸில் பதினெட்டு வருஷம், குளிர்காலத்தில் கியூபா, எந்த ஓட்டலும் இடம் தராமல் பஸ்ஸிலேயே தூங்கின ராத்திரிகள், வெள்ளைக்காரர் லீக் கறுப்பர்களுக்குக் கதவைத் திறந்தபோது இவருக்கு நாற்பது. பத்து வருஷம் முந்தி வந்திருக்கலாமே என்று அந்த லீக் அதிகாரி இவரிடம் சொன்ன இடம் வந்ததும் லூத்தர் குறுக்கே பேசினார். “பத்து வருஷம் முந்தியும் நான் இங்கதான் இருந்தேன் பாஸ்டர். அவங்கதான் வரல.” அதற்கப்புறம் துறைமுகத்தில் இவர் வாழைத்தார் சுமந்ததைப் பாஸ்டர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

அண்ணா, டாக்டர் சொன்னதை நவம்பரில் உங்களுக்கு எழுதினேன். புற்றுநோய் எலும்பெல்லாம் பரவிவிட்டது, கிறிஸ்துமஸைத் தாண்டாது என்றார். அந்தக் கடிதம் போனதிலிருந்து உங்கள் போன் நின்றுவிட்டது. கிறிஸ்துமஸும் தாண்டிவிட்டது. ஞாயிறுதோறும் அவர் போனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார், கேட்பதில்லை. நான் என்ன சொல்லட்டும்?

உங்கள் தங்கை
ஓசெல்லா பெட்டிஃபோர்ட்

*

கேரி, இந்தியானா
1974 பிப்ரவரி 26

அன்புள்ள தங்கச்சி ஓசெல்லாவுக்கு,

இந்தக் கடிதம் உனக்கு மட்டும். லூத்தரிடம் காட்டாதே, நான் எழுதினதாகவும் சொல்லாதே. விரல் வளையாததால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

1938, மெம்பிஸ் ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? நீ மேலே உட்கார்ந்து பார்த்தாய். கீழே எங்கள் பெஞ்சில் நடந்தது உனக்குத் தெரியாது. ஆறு இன்னிங்ஸ் முடிந்து, எதிரணியில் ஒருத்தன்கூட லூத்தர் பந்தை அடித்து ஓடவில்லை. அப்படி ஒரு ஆட்டம் போய்க்கொண்டிருந்தால் அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக்கூடாது. பந்தெறிகிறவனோடு பேசக்கூடாது, பக்கத்தில் உட்காரக்கூடாது. பேசினால் உடைந்துவிடும். அவன் நடுவில் தனியாக இருந்தான், நான் பெஞ்சின் கடைசி ஓரத்துக்குப் போய்விட்டேன். அவன் எறிந்த ஒவ்வொரு பந்தையும் வாங்கினவன் நான். நானே அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

புதுசாக வந்திருந்த பெர்னெல் அவனிடம் தண்ணீர்க் குவளையை நீட்டி, “ஒரு பய கூட இன்னும் உன்னைத் தொடல அண்ணே” என்றான். ஏழாவது இன்னிங்ஸில் முதல் பந்து வேலியைத் தாண்டிப் போனது. பஸ்ஸில் ஒரு வாரம் பெர்னெலோடு யாரும் பேசவில்லை.

கிறிஸ்துமஸைத் தாண்டாது என்று நீ எழுதினாய். அந்த வாரம் எனக்கு வாய் வரவில்லை, போன் பண்ணவில்லை. அப்புறம் கிறிஸ்துமஸ் தாண்டியது, வருஷப் பிறப்பும் போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இது அதே ஆட்டம். நான் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவன் எறிந்துகொண்டிருக்கிறான். இனி வாயைத் திறக்க மாட்டேன். அவன் ஆகஸ்டில் அந்த மேடை ஏற வேண்டும். கிழட்டு முட்டாள் என்று பர்டி திட்டுகிறாள். திட்டட்டும்.

சாப்பிடுகிறானா? அதை மட்டும் எழுது.

ஹோரஸ் டில்மன்

*

மொபைல், அலபாமா
1974 மார்ச் 20

கர்த்தருக்குள் அன்பான ஹோரஸ் அண்ணனுக்கு,

சாப்பிடுகிறார். காலையில் சோளக்கஞ்சி, மத்தியானம் கோழிச்சாறு, மனசு வந்தால் பீச் பழம். போன மாதத்தைவிடக் குறைவு. கேட்டீர்கள், எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே இரண்டு தரம் படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் உட்கார்ந்துகொண்டேன். அண்ணா, என் புருஷனுடைய நாட்கள் கர்த்தர் கையில் இருக்கின்றன, உங்கள் பெஞ்சில் இல்லை. ஆனாலும் நீங்கள் கேட்டபடி அவரிடம் காட்டவில்லை. காட்டாததால் என்ன நடக்கிறது என்று கேளுங்கள்.

விழாவில் பேச வேண்டியதை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். உங்கள் பேர் வரும் இடத்தில் நிறுத்திவிடுகிறார். போன வெள்ளிக்கிழமை வாய்விட்டுச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“அவனுக்கு வலிக்குது ஓசெல்லா. நான் எறிஞ்சது அத்தனையும் அவன் கையிலதான் போய் விழுந்துச்சு. அஞ்சு விரலும் கோணிப்போச்சு. இப்ப என் பேரை மட்டும் கூப்பிட்டா எப்படி இருக்கும்? நான் அவனா இருந்தா நானும் பேச மாட்டேன்.”

மண்டபத்துச் செய்தி வருவதற்கு முன்னாலேயே அண்ணன் போன் நின்றுவிட்டதே என்று நான் நினைவுபடுத்தினேன். “தேர்வுக் குழு கூடப்போகுதுன்னு பேப்பர்ல அக்டோபர்லயே வந்துச்சு. அவன் பேப்பர் படிக்கிறவன்” என்றார். எதற்கும் பதில் வைத்திருக்கிறார். படுத்துக்கிடக்கிற மனுஷனுக்கு யோசிக்க நேரம் நிறைய.

நீங்கள் அவரைக் காப்பாற்றுவதாக நினைக்கிறீர்கள். உங்கள் மனசு கசந்துபோனதாக அவர் நினைக்கிறார். நடுவில் நான் கஞ்சி கலக்குகிறேன். ஒரே ஒரு போன் பண்ணுங்கள், நோயைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். மெக்சிகோவில் நீங்கள் தின்ற கெட்டுப்போன மீனைப் பற்றிப் பேசுங்கள், அதற்கு அவர் எப்போதும் சிரிப்பார். இல்லையென்றால், காரணத்தை நானே சொல்லிவிட அனுமதியாவது கொடுங்கள்.

உங்கள் தங்கை
ஓசெல்லா

*

கேரி, இந்தியானா
1974 ஏப்ரல் 22

அன்புள்ள தங்கச்சி,

உன் கடிதம் வந்ததும் பஸ் டிக்கெட் வாங்கினேன். ஈஸ்டர் முடிந்த திங்கள்கிழமைக்கு. பர்டி சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு வைத்தாள். ஞாயிறு சாயந்திரம் பெட்டியை மூடினேன், அப்புறம் திறந்துவிட்டேன்.

ஏப்ரலும் ஓடிவிட்டது பார். டாக்டர் தப்பு, நான்தான் சரி. ஒன்பதில் எட்டாவது இன்னிங்ஸில் நிற்கிறவன் பக்கத்தில் போய் உட்காரச் சொல்கிறாயே. பெர்னெல் அந்தத் தப்பைப் பண்ணிவிட்டு அப்புறம் எந்த அணியிலும் ஒட்டாமல் போனான். நான் அவனாக மாட்டேன்.

அவனிடம் காரணத்தைச் சொல்லாதே. சொல்வதும் பேசுவதும் ஒன்றுதான். போன் பண்ணவும் விடாதே. அவன் குரல் காதில் விழுந்தால் என் வாய் நிற்காது.

அவன் சொன்னதைப் பற்றி: மண்டபச் செய்தியை நான் ரேடியோவில் கேட்டேன். நாற்காலியைவிட்டு எழுந்து கை தட்டினேன். அப்புறம் உட்கார்ந்தேன். பர்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

ஆகஸ்டில் முதல் வரிசையில் இருப்பேன். அன்றைக்கு விடிய விடியப் பேசுவோம் என்று உன் மனசுக்குள் வைத்துக்கொள். பீச் பழம் சாப்பிடுகிறானா?

ஹோரஸ்

*

மொபைல், அலபாமா
1974 ஜூன் 13

திரு. ஹோரஸ் டில்மன் அவர்களுக்கு,

ஜூன் நாலாம் தேதி செவ்வாய்க்கிழமை விடிகிற நேரத்தில் லூத்தர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சனிக்கிழமை அடக்கம் நடந்தது. நடீன் உங்களுக்குத் தந்தி கொடுத்தாள், கேரியிலிருந்து மலர்வளையம் வந்து சேர்ந்தது. பர்டிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். அது அவர் அனுப்பினதாகத்தான் இருக்கும்.

உங்கள் பேச்சை மீறி நான் அவரிடம் சொல்லிவிட்டேன். மே மாதக் கடைசி ஞாயிறு. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிருந்தது. வலிக்கு மருந்து கொடுத்தால் தூக்கம், தூங்கினால் விழாப் பேச்சு நின்றுவிடும் என்று மருந்து வேண்டாம் என்பார். அன்றைக்கு, “அந்த ஹோரஸ் பகுதியை எடுத்துடு. இல்லாத ஒருத்தனைப் பத்தி எதுக்கு?” என்றார். என்னால் தாங்க முடியவில்லை. மெம்பிஸ், பெஞ்சு, பெர்னெல் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் இரண்டு கடிதத்தையும் வாசித்தேன், ரேடியோவைப் பற்றி எழுதினதையும் விடவில்லை.

ரொம்ப நேரம் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துத் துண்டை எடுத்துக்கொண்டு போனேன். சிரிப்பு.

“அந்தக் கழுதைகிட்ட சொல்லு. இது அந்த மாதிரி ஆட்டமே இல்ல. முதல் இன்னிங்ஸ்லயே என்னை அடிச்சு நொறுக்கிட்டாங்க. மைதானத்துல இருக்கிறவனுக்கெல்லாம் தெரியும். பெஞ்சு முழுக்கப் பேசிக்கிட்டிருக்கு, இவன் ஒருத்தன் மட்டும் வாயைப் பொத்திக்கிட்டு ஓரத்துல உக்காந்திருக்கான்.”

அப்புறம் போன் போடச் சொன்னார். வேண்டாம் என்று நீங்கள் எழுதியிருந்தது அவருக்கும் தெரியும், அதையும் வாசித்திருந்தேனே. இருந்தாலும் போடச் சொன்னார். ஞாயிறு சாயந்திரம், நீங்கள் எப்போதும் கூப்பிடும் அதே நேரம். நம்பரைச் சுற்றி அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன், அவர் கையில் பலம் இல்லை. உங்கள் வீட்டில் மணி அடிப்பது எனக்கும் கேட்டது. அடித்துக்கொண்டே இருந்தது. அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, எடுத்ததும் சொல்ல ஏதோ தயாராக வைத்திருந்தார் போல. மணி தானாக நின்றது. “வெளிய போயிருப்பான்” என்றார்.

இருட்டினதும் மறுபடி போடச் சொன்னார். அதுவும் அடித்து நின்றது. இந்தத் தடவை மருந்து கொடு என்றார், கொடுத்தேன். அதற்கப்புறம் விழாப் பேச்சைப் பற்றிப் பேசவில்லை. என் பேரையும் நடீன் பேரையும் தவிர யார் பேரையும் சொல்லவில்லை. மண்டபத்திலிருந்து, அவர் சார்பில் யார் மேடை ஏறுவது என்று கேட்டுக் கடிதம் வந்திருந்தது. உங்கள் பேரைக் கொடுக்கட்டுமா என்று இரண்டு நாள் கழித்துக் கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நடீன் பேரை எழுதி அனுப்பிவிட்டேன். பேச்சு பாதியில் நிற்கிறது, அவள் அது இருக்கிறவரை வாசிப்பாள்.

நான் தினமும் உங்களுக்காக ஜெபிக்க முழங்கால் போடுகிறேன். பேர் சொல்லும் இடத்தில் எனக்கும் நின்றுபோகிறது. நீங்கள் அவருக்கு நல்லது நினைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் உங்கள்மேல் குற்றம் வைக்கவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டும். மே இருபத்தாறாம் தேதி சாயந்திரம் நிஜமாகவே நீங்களும் பர்டியும் வெளியே போயிருந்தீர்களா, இல்லை வீட்டில் உட்கார்ந்து அந்த மணியைக் கேட்டுக்கொண்டிருந்தீர்களா? எதுவானாலும் உள்ளதை எழுதுங்கள்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

ஓசெல்லா பெட்டிஃபோர்ட்