பிள்ளையார் தூணைச் சுற்றும் டைகர்

ஆக. 12, செவ்வாய்

தூறல். தொம்மலூர் வானம் முழுக்க அழுக்கு வேட்டி உலர்த்தினாற்போல. ஆறரைக்கு நாம் துயில் எழுந்தருளினோம். காபி ஆறிப்போனதாக மகாராணி கமலா அறிவிப்பு.

வேலைகள்: கரண்ட் பில். பிரஷர் மாத்திரை. மிக்ஸி பிளேடு (இன்றும் மறந்தால் நாடு கடத்துவார்களாம்).

பால் வாங்கக் கீழே போனபோது மூன்றாம் மாடி சாரதா மேடம் கார் பார்க்கிங்கில் நின்று நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். டைகர். வண்டி பேட்டரி திருட்டுப் போனதிலிருந்து அசோசியேஷன் வாங்கிக் கட்டிப்போட்ட காவல் நாய். கட்டியிருப்பது நடுத்தூணில். வெற்றிலை போட்டுத் துப்புகிறார்கள் என்று பிள்ளையார் படம் போட்ட டைல் ஒட்டினோமே, அதே தூண். சங்கிலி சிக்காமலிருக்கத் தூணைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் வேறு மாட்டி, அதில் கொக்கி, ஒரு பூட்டு. எல்லாரும் பெரிய உபகாரம் செய்ததாக நினைப்பு.

"ஏன் சார், இது எப்பப் பாத்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு?"

நமக்கு வாய் சும்மா இருக்குமா. "போன ஜென்மத்துல காஞ்சிபுரத்துல குருக்கள் மேடம். நைவேத்தியத்துக்கு முன்னாடி ஒரு அண்டா சுண்டலை ஒத்தையா முழுங்கிட்டார். லட்சத்தி எட்டு பிரதட்சணம் சாபம். பாதிதான் முடிஞ்சிருக்கு."

சிரித்தார். நமக்கு உச்சி குளிர்ந்தது. பிளேடு மறந்தாயிற்று.

ஆக. 15, வெள்ளி

கொடியேற்றம். சாக்லேட் தீர்ந்துவிட்டது, நமக்குக் கிடைக்கவில்லை. வரலாறு இதை மன்னிக்காது.

நம் சுண்டல் புராணம் வாட்ஸ்அப் குரூப்பில் ஏறி, அடுத்த தெருவுக்குப் போய், திரும்பி நமக்கே வந்து சேர்ந்தது. சுண்டல் காணாமல் போய்விட்டது. குருக்கள், சாபம், பிரதட்சணம் மட்டும் பாக்கி. ஒரு அம்மாள் டைகர் நெற்றியில் குங்குமம் வைத்துப் போனார். தூணடியில் வாழைப்பழச் சீப்பு.

செக்ரட்டரி கோபாலனுக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா சார், இடமா போகாது. வலந்தான்."

வாட்ச்மேன் மஞ்சுநாத் பழத்தை எடுத்துக்கொண்டே, "பக்தி சார், பக்தி."

ஒரு தலபுராணமே இயற்றிவிட்டோம். கம்பீரமாக இருந்தது. கமலாவிடம் சொன்னேன். "அது ஒரு நிமிஷம் உக்காந்து பாத்திருக்கீங்களா?" என்றாள். கவனித்ததில்லை.

ஆக. 17, ஞாயிறு

வெயில், பிறகு மழை, பிறகு வெயில். வத்தக்குழம்பு அமர்க்களம்.

அக்கா மகள் மாலதி சாப்பிட வந்தாள். அடுகோடியில் ஒரு கிளினிக்கில் கால்நடை டாக்டர். நம் புராணத்தை முழு அபிநயத்தோடு சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சின்ன வயதில் நான் தும்மினாலே சிரிப்பவள்.

சாப்பிட்ட கையோடு கீழே இறங்கினாள். டைகர் பாதையில் பிஸ்கட் வைத்தாள். மிதித்துக்கொண்டு போனது. பேர் சொல்லிக் கூப்பிட்டாள். திரும்பவில்லை. கண் எங்கேயோ. தரையில் வட்டமாகச் சிமெண்ட் வழவழ என்று தேய்ந்திருக்கிறது. இத்தனை நாள் அதை நான் எண்ணெய்க் கறை என்று நினைத்திருந்தேன்.

பிடித்து நிறுத்திப் பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். தோல் உரிந்து ரத்தம்.

"மாமா, இது பக்தியும் இல்ல, சாபமும் இல்ல. நாய்னா ஓடணும், மோந்து பாக்கணும், இன்னொரு நாயோட சண்டை போடணும். ஒண்ணுமே கெடைக்கலேன்னா ஒடம்பு தானா ஒரு வேலைய உண்டாக்கிக்கும். ஜூவுல புலி கூண்டுக்குள்ள இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடக்கும், பாத்திருக்கீங்கல்ல?"

"பாத்திருக்கேன்."

"கரடி தலைய ஆட்டும்."

"ஆட்டும். டான்ஸ்னு கை தட்டியிருக்கேன்."

"எல்லாரும் தட்டுவாங்க."

பாதத்துக்கு மருந்து போட்டுத் துணி சுற்றினாள். கனகபுரா ரோட்டில் அவள் தோழிக்குத் தோட்டம். அங்கே விட்டுவிடலாம் என்கிறாள். பூட்டுச் சாவி கோபாலனிடம். கேட்டதற்கு, மீட்டிங்கில் வைக்கலாம் என்றார்.

கிளம்பும்போது: "நீங்க சொல்லுங்க மாமா. நீங்க சொன்னா கேப்பாங்க."

ஆக. 18, திங்கள்

துணியைக் கடித்துப் பிய்த்து எறிந்திருக்கிறது. சுற்றுகிறது.

பிளேடு வாங்கியாயிற்று. சைஸ் தப்பு.

ஆக. 19, செவ்வாய்

மீட்டிங். மொட்டை மாடி, பிளாஸ்டிக் நாற்காலி, ஏலக்காய் டீ. முதல் விஷயம் தண்ணீர் டேங்கர். இரண்டாவது யாரோ லிப்டில் மீன் பையோடு வருவது. மூன்றாவது டைகர்.

எழுந்து நின்று நேராகச் சொன்னேன். குருக்களும் இல்லை, சாபமும் இல்லை, வாய்க்கு வந்ததை அளந்தேன். நாய்க்கு வியாதி. காலில் ரத்தம். விட்டுவிடலாம்.

ஒரே சிரிப்பு.

"மாமா அடுத்த கதைய ஆரம்பிச்சிட்டார்."

"போன வருஷம் லிப்டுல பேய் இருக்குன்னீங்க."

"மைசூர் ராஜா உங்க தாத்தாகிட்ட கடன் வாங்கினாருன்னீங்களே, அது?"

அதுவும் நான் சொன்னதுதான். எல்லாமே நான் சொன்னவைதான். நான் குரலை உயர்த்தியதைக் கேட்டு, "நடிப்பும் பிரமாதம்" என்றார் ஒருவர். மாலதி எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினேன். கோபாலன் வாங்கிப் பார்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "சதுர்த்தி முடியட்டும் சார். இந்த வருஷம் பந்தலே அந்தத் தூண் பக்கந்தான்."

சாரதா மேடம் மாடிப்படியில் மெதுவாக: "நீங்க கதை கட்டியிருக்கலாம். ஆனா அது சுத்தறது நிஜந்தானே சார்?"

இரண்டிரண்டு படியாக இறங்கி வந்துவிட்டேன்.

கமலாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே, தலை நிமிராமல்: "ஊரையே நம்ப வைக்கிற வாய். ஒரு நாய்க்குப் பிரயோசனப்படல."

ஆக. 22, வெள்ளி

விட்டு விட்டு மழை. மூட்டு வலி.

காலையில் கயிறு எடுத்துக்கொண்டு இறங்கினேன், பூட்டை எப்படியாவது நெம்பிவிடலாம் என்று. மஞ்சுநாத் குறுக்கே நின்றான். "என் வேலை போயிடும் சார். ஏன் மாடோது, என்ன பண்றது?" என்றான், பாதி கன்னடத்தில். அவன் சொல்வதும் சரி. அவனும் அந்தப் பார்க்கிங்கை விட்டு நகர்வதில்லை.

ஸ்டூல் போட்டு டைகர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொட்டி, பால், பழைய செருப்பு, ஒரு பந்து. எதையும் தொடவில்லை. பந்து காலில் பட்டு உருண்டு போனது. அப்போது ஒரு ஆட்டோக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, நம் பக்கம் ஒரு கும்பிடு. என்னைப் பூசாரி என்று நினைத்திருப்பார்.

ஆக. 25, திங்கள்

பந்தல் கால் நட்டார்கள். டைகருக்கு மஞ்சள் துண்டு கட்டியிருக்கிறது. மாலதி போன் செய்தாள். "என்ன மாமா ஆச்சு?" பாக்கிறேம்மா என்றேன். வெண்டைக்காய் வாங்கினேன், முற்றல்.

ஆக. 27, புதன், சதுர்த்தி

கொழுக்கட்டை. மைக்செட். மத்தளம், ஜால்ரா.

ஜனங்கள் தெரு முனை வரை. டைகர் கழுத்தில் சாமந்தி மாலை. சத்தம் கூடக் கூட அதன் வேகம் கூடியது. நாக்கு ஒரு பக்கம் தொங்குகிறது. ஜனம் கை தட்டுகிறது. செல்போன்கள் எல்லாம் மேலே.

தரையில் வட்டத்தில் சிவப்புப் பொட்டுகள். ஒரு பெண் குனிந்து விரலால் தொட்டு, "குங்குமம்" என்று நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

வைத்துக்கொண்டாள்.

"அது ரத்தம்மா" என்றேன். மைக்செட்டில் கேட்டிருக்காது. தோள் துண்டை உருவி மண்டியிட்டுத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அடுத்த பொட்டு. யாரோ பின்னாலிருந்து, "மாமா சேவை பண்றார், வழி விடுங்க."

கொழுக்கட்டை சாப்பிடவில்லை. கமலா கேட்கவில்லை. துண்டைத் துவைக்கப் போட்டவள் கறை போகும்வரை குழாயடியில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஆக. 29, வெள்ளி

டைகர் சரிந்து விழுந்தது. விழுந்தும் முன்னங்கால் மட்டும் நடக்கிற மாதிரி அசைந்துகொண்டிருந்ததாம், மஞ்சுநாத் சொன்னான். இத்தனை நாள் பக்தி என்றவன். கண் கலங்கியிருந்தான்.

கோபாலன் சாவியோடு மேலே வந்தார். மூச்சு வாங்குகிறது. "சார், பிள்ளையார் தூண்ல வெச்சு உசுரு கிசுரு போயிட்டா குத்தமாயிடும். உங்க டாக்டர் பொண்ணைக் கூப்பிட்டு உடனே எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

ஒருவரும் இரக்கப்பட்டு நாயை விடவில்லை. பயந்து விட்டார்கள். எப்படியோ. மாலதி காரோடு வந்து குளுக்கோஸ் ஏற்றி, இரண்டு நாள் கிளினிக்கில் இருக்கட்டும் என்று எடுத்துப் போனாள்.

தூண் வெறிச்சென்று. வட்டம் மட்டும் பளபள.

ஆக. 31, ஞாயிறு

கனகபுரா ரோட்டுத் தோட்டம். நல்ல காற்று. தென்னை, கொய்யா, தூரத்தில் எங்கேயோ வேலி. கமலாவும் வந்தாள், புளியோதரை கட்டிக்கொண்டு. டைகர் நாலு காலிலும் கட்டோடு காரிலிருந்து இறங்கியது.

மாலதி கொக்கியைக் கழற்றினாள்.

நின்றது. காற்றை மோந்தது. ஒரு கொய்யாச் சருகை மோந்தது. புல்லில் கொஞ்ச தூரம் நேராகவே நடந்தது. கமலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு வலது பக்கம் திரும்பியது. இன்னும் கொஞ்சம் திரும்பியது. சுற்ற ஆரம்பித்தது.

சங்கிலி இல்லை. தூண் இல்லை. அதே அகலம்.

"நாளாகும் மாமா. சிலது நிறுத்திடும். சிலது கடைசி வரைக்கும் நிறுத்தாது."

"இது?"

மாலதி தண்ணீர் எடுத்து வரப் போனாள்.

நான் போய் வட்டத்து நடுவில் உட்கார்ந்தேன். புல் ஈரம், வேட்டி நனைந்தது. டைகர் என்னைச் சுற்றி வந்தது. எதிரே வரும்போதெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். வேறு ஒரு வார்த்தையும் வரவில்லை. ஒரு தடவை காது மட்டும் என் பக்கம் திரும்பியது. கால் நிற்கவில்லை.