லீவு போட்ட எகிப்தியர்கள்

ஜூன் 3
காலையிலேயே பதிப்பாளர் ரகுநாத் போன். "மேடம், எகிப்துங்கிறீங்க, மம்மி எங்கங்க? அம்பது பக்கமா குப்பைமேடும் சொத்தைப் பல்லுமா இருக்கு."

ஆமாம், புத்தகமே அதுதான்! பழைய எகிப்தியர் எப்படி வாழ்ந்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்களுக்கு எப்படித் தெரிந்தது என்ற ஆங்கிலப் புத்தகம். ஏழு மாதமாகத் தமிழாக்குகிறேன். ரொட்டியில் கலந்த மணல் பல்லைத் தேய்த்தது; பல்லைப் பார்த்து ரொட்டியைக் கண்டுபிடித்தார்கள். என்னிடம் கொடுக்கும்போது ரகுநாத் இதைப் படித்தாரா இல்லையா?

ஜூன் 5
இன்று விடுப்புப் பட்டியல். மன்னர்களின் கல்லறையைக் குடைந்த தொழிலாளர்களில் யார், எதற்காக வரவில்லை என்று கல்லில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஒருவனுக்குத் தேள் கடி. ஒருவனுக்குக் கண்வலி. ஒருவன் பீர் காய்ச்சப் போயிருக்கிறான். மூவாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால்!

தாங்காமல் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நம்ம கடையில மலையாண்டி மூணு நாளா வரல அலமு. அதுக்கு மொதல்ல காரணம் கண்டுபிடி" என்று சொல்லிவிட்டுத் திருமயத்து ஹார்டுவேர் கடைக்குக் கிளம்பிவிட்டார். இவரிடம் போய்ச் சொன்னேனே.

ஜூன் 11
அந்த பீருக்குத் தமிழில் சரியான சொல் சிக்கவில்லை; 'பீர்' என்றே போட்டுவிட்டேன். யாராவது கேட்கட்டும்.

ஜூன் 18
விடுப்புப் பட்டியல் அத்தியாயத்தை நீக்கப்போகிறாராம் ரகுநாத். பதிலுக்கு 'மம்மியின் சாபம்' — பன்னிரண்டு பக்கம், அவரே எழுதியது. கல்லறையைத் திறந்தவர்கள் எல்லாரும் ரத்தம் கக்கிச் செத்தார்களாம்.

"இதுக்கு ஆதாரம் என்னங்க?"

"ஜனங்களுக்குப் பிடிக்கும் மேடம். லீவு லெட்டர யாருங்க காசு குடுத்து வாங்குவா?"

கத்திவிட்டேன். இருபது வருஷமா பள்ளிக்கூட கைடு மொழிபெயர்த்தேன், ஒண்ணுலயும் என் பேரு கெடையாது. அட்டையில பேரு வரப்போறது இதுதான் மொதல் தடவ. அதுக்குள்ள சாபமா? ரத்தம் கக்குறதா? சே.

ஜூன் 20
பதிப்பகத்தில் தட்டச்சு செய்யும் அடைக்கலமேரி போன் செய்தாள்.

"அக்கா, அந்த லீவு பக்கத்த அழிக்கச் சொன்னாரு. மாட்டேன்னுட்டேன். போன மாசம் எங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப அஞ்சு நாள் லீவு கேட்டதுக்கு என்னென்ன பேசுனாரு தெரியுமா? அந்தக் காலத்துலயே குடுத்திருக்காங்க. அழிக்க கை வரலக்கா."

"அவரு என்ன சொன்னாரு?"

"நாளையில இருந்து வரவேணாங்கிறாரு."

நான் கத்தினால் போன் சூடாகிறது, அவ்வளவுதான். இவளுக்கு வேலையே போகிறது.

ஜூன் 21
பஸ் பிடித்துப் புதுக்கோட்டை போனேன். ரகுநாத் மேஜையில் அட்டைப்படம்: சிவப்புக் கண்ணோடு ஒரு மம்மி.

"உங்க சாபத்த வச்சுக்கங்க. ஆனா அந்த அத்தியாயம் ஒரு வரி கொறையாம வரணும். மேரி திங்கக்கிழம வேலைக்கு வரும். இதுக்குச் சரின்னா என் பேரு வேணாம், உங்க பேரப் போட்டுக்கங்க."

"நெசமாவா மேடம்?" மனிதருக்குச் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை.

பொய்க்குப் பக்கத்தில் என் பெயர் எதற்கு? — அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பும்போது பஸ்ஸில் அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 23
மேரி வேலைக்குப் போய்விட்டாள். "பேசவே மாட்டேங்கிறாருக்கா, நிம்மதியா இருக்கு" என்கிறாள்.

ஆகஸ்ட் 30
புத்தகம் வந்துவிட்டது. அட்டையில் ரகுநாத்தின் பெயர் மம்மியின் தலையைவிடப் பெரிது. எரிச்சலை அடக்கிக்கொண்டு விடுப்புப் பட்டியலைத் தேடினேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். எண்ணிப் பார்த்தேன், ஒரு வரியும் குறையவில்லை.

மதியம் கடையிலிருந்து சாப்பிட வந்தவர் இலைக்குப் பக்கத்தில் அதை விரித்து வைத்துக்கொண்டார். ரசம் ஆறிக்கொண்டிருந்தது.

"அலமு, கூட வேலை பாக்குறவனுக்கு வைத்தியம் பாக்குறதுக்கே ஒருத்தன் இத்தன நாள் லீவு போட்டிருக்கானே. அந்தச் சீக்காளி பொழச்சானா?"

"அது எழுதலைங்க."

"வேற எங்கயாச்சும் எழுதியிருக்கும். நல்லாத் தேடிப் பாக்கச் சொல்லு" என்றார்.