டடாஷி கடைச் சிப்பி

கைமனா,

நீ அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனம் வரவில்லை. சேப்பங்கிழங்குக் கூழ் மூடி வைத்திருக்கிறேன். மத்தியானம் உன் தம்பி பீரோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பு. காமாலை இறங்கும்வரை ஒரு வாய்கூடக் கூடாது.

நேற்றுச் சாயங்காலம் காய்ச்சலில், "கடல் வீட்டுக்குள்ள வந்துடுச்சு, செருப்பை எடுத்து மேல வை" என்றாய். எடுத்து வைத்தேன். ஜன்னல் வெளிச்சம் சுவரில் அலையடித்ததில் எனக்கே கால் நனைந்தாற்போல் இருந்தது.

ஹொனலுலுவுக்கு வக்கீலம்மாவைப் பார்க்கப் போகிறேன். "டடாஷி என் கூட்டாளி, அவன் கடை மேலயா கேஸ் போடுவே?" என்று நீ கத்தியதை மறக்கவில்லை. அவன் கடையை விட்டுவிட்டுப் போட முடியுமா என்று வக்கீலம்மாவிடம் போனில் கேட்டேன். "கிருமி இருந்த சிப்பியை வெளிநாட்டுலேருந்து இறக்கினவங்க மேல தனியாவே போடலாம்மா. சாப்பிட்ட பில்லும் ரத்தப் பரிசோதனைச் சீட்டும் கொண்டு வாங்க" என்றார். இரண்டையும் எடுத்துக்கொண்டேன். நீ சம்மதிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன்.

லெஹுவா

இன்னொன்று. அன்று டடாஷி கடையில், வேகாத பச்சைச் சிப்பி பிடிக்காது என்று என் தட்டையும் உன் பக்கம் தள்ளினேனே, அது பொய். எனக்கும் அது உயிர். நீ ஆசையாகச் சாப்பிடுவதைப் பார்க்கத்தான் தள்ளினேன். இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.