ஒரு மயிரிழை குறைந்த கார்டு

கார்டு ஓரம் பார்க்க நீ வைத்திருந்த லென்ஸ் என் மேசைமேல் கிடக்கிறது. அந்தத் தோல் உறையைத் திறந்தால் பழைய அட்டை வாசனை. நேற்று உன் பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது உன் மனைவி, "அவர் ஞாபகமா நீங்களே வச்சுக்கோங்கண்ணா" என்று கையில் திணித்தாள். வாங்கி வந்தேன். உன்மேல் உள்ள கோபம் மட்டும் ஆறவில்லை. செத்துப்போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாயோ?

கோவையில் ஒரே பெஞ்சில் படித்தோம், குபெர்டினோவில் ஒரே ஆபீஸில் வந்து விழுந்தோம். ஆட்டமே முழுசாகப் புரியாத நமக்கு பேஸ்பால் கார்டு பைத்தியம் எப்படிப் பிடித்ததோ, சனிக்கிழமையானால் பிளசன்டனில் டேபிள் போட்டு கார்டு விற்கிற, மாற்றுகிற ஷோ. ஐம்பதுகளில் ஆட்டக்காரர் படம் போட்டு பபிள்கம்மோடு கொடுத்த அட்டைகள் அவை. மழுங்கிய ஓரத்தை பிளேடால் சீவிப் புதிதுபோல ஆக்கித் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. அவர்களைப் பிடிப்பதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. "மூஞ்சியப் பாக்காதடா, ஓரத்தப் பாரு. கார்டு பழசு, ஓரம் புதுசுன்னா அது திருட்டு வேல" என்பாய். ஒருவன் வாங்கியதை மற்றவன் அளந்த பிறகுதான் ஆல்பத்தில் வைப்பது என்று நமக்குள் ஒரு சட்டமே இருந்தது.

ஒரே ஒரு முறை அதை மீறினேன். எனக்கு கிரீன் கார்டு வந்த அன்று நீ ஒரு கார்டு பரிசளித்தாய். நான்கு மூலையும் அவ்வளவு கூர்மை. நான் அளக்கவில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? அதுவும் நீ கொடுத்ததை?

இரண்டு வருஷம் கழித்து ஃபிராங்க் அதைக் கேட்டார். அந்த ஷோவில் நம் இருவரையும் முதலில் கூப்பிட்டு உட்காரவைத்த பெரியவர். அவருடைய செட் முழுமையாக அந்த ஒன்றுதான் பாக்கி. எனக்கு மனசு இளகிவிட்டது, மாற்றிக்கொள்ளச் சம்மதித்தேன். "ஓரத்தில் யாரும் கை வைக்கவில்லையே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "என் நண்பன் பார்த்துக் கொடுத்தது. அதற்கு நான் பொறுப்பு" என்றேன். நீ பக்கத்திலேயே காபியோடு நின்றாய். வாயைத் திறக்கவில்லை.

அவர் அதே வருஷத்துக் கார்டு ஒன்றை அடியில் வைத்து இரண்டையும் தட்டிச் சேர்த்தார். நம்முடையது ஒரு பக்கம் மயிரிழை குறைவு. அவர் என் பக்கம் அதைத் தள்ளிவிட்டுத் தன் ஆல்பத்தை மூடினார். அடுத்த சனிக்கிழமை எந்த டேபிளிலும் எனக்கு யாரும் ஆல்பம் திறக்கவில்லை. உனக்குத் திறந்தார்கள்.

ஃபிராங்க் ஆல்பத்தை மூடிய அன்றே, திரும்பும்போது காரில் கேட்டேன். "நீயாடா வெட்டினே?"

"ஒரு மூலை மழுங்கியிருந்துச்சு. கிஃப்ட் பண்றது, அழகா இருக்கட்டுமேன்னு லேசா..."

"நான் பொறுப்புன்னு சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ அத யாருக்கும் கொடுப்பேன்னு நினைக்கலடா."

வெட்டியதைக்கூட மன்னித்திருப்பேன். நான் தலையைக் கொடுத்தபோது நீ காபி குடித்துக்கொண்டு நின்றாயே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. பிறகும் பொங்கலுக்கு வந்தோம், போனோம். நீ மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்க வைக்கவில்லை.

நேற்று உன் மகள் உன் ஆல்பங்களை எடுத்து வந்தாள். அடுத்த மாதம் அதே ஷோவில் உன் பெயரில் டேபிள் போட்டு அவற்றை விற்கப்போகிறாளாம். "அங்கிள், அப்பாவோட கார்ட்ஸ் எல்லாம் ஒரிஜினல்தானே? நீங்க சொன்னா போதும்" என்றாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவளும் அதை நம்பி ஃபிராங்க் முன்னால் போய் நிற்பாள்.

"என் பேச்சயும் நம்பாதம்மா, அப்பா கையயும் நம்பாத. ஒவ்வொன்னா அளந்துட்டு அப்புறமா கொண்டு போ" என்றேன்.

அவள் முகம் சிவந்தது. "ஹவ் குட் யூ, அங்கிள்? அப்பாவப் போய் இப்படிச் சொல்றீங்களே?" என்றாள். ஆல்பங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். நான் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பும்வரை இறங்கி வரவில்லை. உன்மேல் வர வேண்டிய கோபம்டா அது.